தூசி இல்லாத திருப்பணி

காலத்தாலும் கறைபடாத கல் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால் அது மேக்காட்டுவலசு ஈஸ்வரன் கோயில் கல்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டு வந்தது போன மாதக் கும்பாபிஷேகத்துக்கு. கருப்புக் கிரானைட், மிஷினில் வெட்டிய எழுத்து, வாசகம் எழுதியவர் திருப்பணிக் குழுத் தலைவர் அப்புசாமி. அவர் பெயர் ஈஸ்வரன் பெயரைவிட இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தது. வெட்டியவன் அளவைக் கோட்டைவிட்டுவிட்டான் என்று அவரே எல்லோரிடமும் வருத்தப்பட்டுக்கொண்டார். மாற்றச் சொல்லவில்லை.

அந்தக் கல்வெட்டைத் தாண்டித்தான் சௌந்திரம் குழு அலுவலகத்துக்குள் போனாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம்.

அவள் புருஷன் மயில்சாமி படுத்துத் தூங்கி இரண்டு மாதமாகிறது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்துகொள்கிறார்களாம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கழித்துப்போட்ட டிரைவர் சீட்டைக் கேட்டு வாங்கிச் சுவரோரம் போட்டிருக்கிறாள். வண்டியோட்டத் தெரியாத மனுஷன் அதில் உட்கார்ந்தபடியே விடிய விடிய எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தூசியில் வேலை பார்த்தார் என்று விசாரித்தார். பழைய கோயில் கல்லைச் சுத்தம் பண்ணினார் என்றாள் சௌந்திரம். கல்லில் என்ன இருந்தது என்று டாக்டர் விடாமல் கேட்க, ஆஸ்பெஸ்டாஸ் அட்டையின் தூள் என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே போன அந்த நார் வெளியே வராது, இருபது வருஷம் கழித்துக்கூட வேலையைக் காட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அந்தத் தூசியில் வேலை பார்த்தார் என்று வேலை கொடுத்தவர்கள் எழுதித் தந்தால், வீட்டிலேயே வைத்துக்கொள்ள அரசாங்கம் தரும் ஆக்சிஜன் மிஷினுக்குச் சிபாரிசு பண்ணலாம் என்றார்.

கதை இருபத்துநான்கு வருஷப் பழசு. ஒழுகுகிறது என்று கல்மண்டபத்தின்மேல் அட்டை போட்டார்கள். தூணின் வளைவுக்குத் தோதாக ஒவ்வோர் அட்டையையும் மிஷினால் அறுத்தவர் மயில்சாமி. பன்னிரண்டு வருஷம் கழித்து அடுத்த கும்பாபிஷேகம் வந்தபோது, அட்டை கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்றார்கள். கடப்பாரையால் உடைத்து இறக்கியவரும் அவரே. தூணில் அப்பியிருந்த தூளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மணல் பீய்ச்சும் மிஷின் வைத்து ஊதியவரும் அவரே. தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் தூசி அடங்கியிருக்கும். தரை சேறானால் பார்வையிட வரும் பெரிய மனுஷர்களின் வேட்டி கறையாகும் என்று குழு தண்ணீரை வேண்டாமென்றது. மயில்சாமி முதல் நாள் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். ஈஸ்வரன் முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது. அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாற்பது நாளும் அப்படியே.

அப்புசாமி அவளை உட்காரச் சொன்னார். மயில்சாமியின் நிலையைக் கேட்டு அவர் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. பொன்னாடை ஒன்றும், கையால் எழுதிய பாராட்டிதழும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

"பொன்னாடை வேண்டாமுங்க தலைவரே. அட்டை ஒடைச்சாரு, தூசியில நின்னு கல்லுத் தேய்ச்சாருன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க."

"அவன் வேலையா செஞ்சான்? தொண்டு செஞ்சான் சாமி. அதைப் போயி வேலைன்னு எழுதினா அவன் புண்ணியமில்ல கொறையும்?"

"கொறைஞ்சாக் கொறையட்டுங்க. மூச்சு வரட்டும்."

அந்த அலுவலகத்தில் அவருக்கு யாரும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. மேஜையை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"அதுலயும் தூசின்னு வேற எழுதச் சொல்ற. நம்ம கோயில்ல ஏது சாமி தூசி?"

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டு ஒன்றை எடுத்தார். உழவாரப் பணித் தொண்டர் பதிவேடு. முதல் பக்கத்தில், இதில் கையொப்பமிட்டோர் ஊதியம் ஏதும் பெறாமல் தம் விருப்பத்தால் ஈசன் பணி செய்தோர் என்று கண்டிருந்தது. ஊதியத்தை அப்போது திருநீற்றுக் கவருக்குள் வைத்துப் பிரசாதம் என்று தினமும் சாயங்காலம் கொடுத்தார்கள். அப்புசாமியின் விரல் பெயர்களின்மேல் இறங்கி வந்து பதினேழாவதில் நின்றது.

"பாரு. அவனே போட்டிருக்கான். இதுக்குமேல நான் மாத்தி எழுதினா, பொய் எழுதுன பாவம் எனக்கு வரும்."

சௌந்திரம் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. மயில்சாமி என்று நேர்கோட்டில் எழுதியிருந்தது. மயில்சாமி எழுதினால் கோணும். கையெழுத்து வாங்கிய அன்று அவள் சோறு கொண்டுவந்திருந்தாள். புருஷன் கை முழங்கை வரை தூசியாய் இருந்தது. நோட்டு அழுக்காகிவிடும், நீயே போடு என்று பேனாவை அவளிடம் நீட்டியவர் இதே அப்புசாமிதான். அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவர் நோட்டைத் துணியில் சுற்றினார். அவள் கடிதம் இல்லாமல் எழுந்தாள்.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு அன்று ஆளுக்கோர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். பேருக்கு ஒன்று, போட்ட கைக்கு ஒன்று என்று அவள் இரண்டு கேட்டு வாங்கினாள்.