தண்ணீரில் விட்டுப்போன தூசி

அந்த அலுவலகத்தில் மனிதர்களுக்குத் தூசி என்று பெயர்.

"மாடி ஜன்னல்ல ஒரு தூசி இருக்கு பாரு, துடைச்சுடு" என்று முதலாளி சொன்னால் அங்கே யாரோ ஒருவர் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "வாசல்ல ரெண்டு தூசி, ஒண்ணு குட்டித் தூசி" என்றால் தாயும் பிள்ளையும். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் நாட்டுப்புற வீடுகளின் படங்கள் அங்கே வரும். அவற்றிலிருந்து ஆட்களையும் நாய்களையும் துணிக்கொடிகளையும் எடுத்துவிட்டு, வீட்டையும் மரத்தையும் வானத்தையும் மட்டும் மிச்சம் வைத்து அனுப்புவார்கள். "நாம விக்கறது வீடு இல்லம்மா, அமைதி" என்பார் முதலாளி. சொல்லிவிட்டு அடுத்த அறைக்குக் கேட்கும்படி தும்முவார்.

இந்த வேலையில் தங்கையை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ரப்பர். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது: காலிலிருந்துதான் ஆரம்பிப்பாள். முதலில் பாதம், அப்புறம் முழங்கால், இடுப்பு, தோள். தலைக்கு வரும்போது கண்ணைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வாள். முகத்தைப் பார்த்துவிட்டால் கை நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரைத் துடைத்திருக்கிறாள். ஒருவர் முகமும் தெரியாது.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. செருப்பு கூட வாசலிலேயே கிடந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, அவருடைய தூரத்துச் சொந்தங்கள் என்று அலையாத இடமில்லை. அந்தச் செருப்பை அக்கா இன்னும் எடுக்கவில்லை. துடைப்பம் படும்போது தூக்கிப் பிடித்துக்கொள்வாள், பெருக்கியதும் அதே இடத்தில் வைப்பாள். கடை விட்டால் வீடு, வீடு விட்டால் கடை. ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போவதில்லை. அவர் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால்?

கடைசியில் கடைக்காரரே பொறுமை இழந்தார். அக்கா வலது கண் லென்ஸை இடது பக்கம் போட்டுக் கொடுத்துவிட, வாங்கிப்போன ஆள் திரும்பி வந்து, "பஸ்ஸு ரெண்டா வருது, நான் எதுல ஏறறது?" என்று சண்டைக்கு நின்றிருக்கிறார்.

"மூணு நாள் லீவு" என்றார் கடைக்காரர். "எங்கயாவது அமைதியா ஒரு இடத்துக்குப் போய் நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாம்மா. இப்படியே போனா உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது."

இடம் தேடும் பொறுப்பு தங்கையின் தலையில் விழுந்தது. அவளுக்கு அது சந்தோஷம்தான். அமைதியான இடங்கள் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

"இது மலை மேலக்கா. ஜன்னலத் திறந்தா மேகம்."

"ஏறி இறங்கவே லீவு முடிஞ்சுடும். அடுத்தது."

"இது கடலோரம்."

"அலை விடாமப் பேசும்டி. உன்னை மாதிரி."

"தோப்பு நடுவுல வீடு. பக்கத்துல ஒரு ஆள் கிடையாது."

"அதுக்கு நம்ம வீடே போதுமே" என்றாள் அக்கா. "இங்க மட்டும் என்ன கூட்டமா நிக்குது?"

தங்கைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அடுத்த படத்துக்குப் போனாள். சிவப்பு ஓடு போட்ட சின்ன வீடு. பக்கவாட்டில் குளம், குளத்துக்கு இறங்கக் கல் படிகள், எதிர்க்கரையில் நாணல். அவள் எப்போதோ துடைத்த படம்தான். நல்ல வேலை. படியில் ஒரு கீறல் கூடத் தெரியவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். பையிலிருந்து தடித்த லென்ஸ் ஒன்றை எடுத்தாள். கடைப் பழக்கம், எப்போதும் ஒன்று பையில் கிடக்கும். அதைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகப் படத்தைப் பார்த்தாள். அப்படித் தள்ளிப் பிடித்தால் அதில் உலகமே தலைகீழாகத் தெரியும். டியூப்லைட், காலண்டர், எதிரில் நிற்கிற வாடிக்கையாளர் என எதையும் அக்கா அப்படிப் பார்ப்பாள், விளையாட்டுக்கு.

"யாருடி இது?"

"யாரு?"

"தண்ணிக்குள்ள நிக்கறாரே."

தங்கை குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். படிக்குக் கீழே, குளத்து நீரில், மரத்தின் நிழலோடு நிழலாக ஒரு ஆள். தலைகீழாக. படியில் நின்றவரைச் சுத்தமாகத் துடைத்தவள் அவருடைய பிம்பத்தை விட்டுவிட்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் இதைவிட அசட்டுத்தனமான பிழை கிடையாது. காது சிவந்தது.

"அது என் தப்புக்கா. ஒரு தூசி. நாளைக்கே போய்..."

"முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு" என்றாள் அக்கா, லென்ஸை இறக்காமல். "ஒரு கையை முதுகுக்குப் பின்னால விட்டு இன்னொரு கையோட முட்டியைப் பிடிச்சிருக்காரு."

குளிர்சாதனப் பெட்டி ஒரு முறை உறுமி அடங்கியது. லிஃப்ட் வருவதற்காகக் காத்து நிற்கும்போது அத்தான் அப்படித்தான் நிற்பார். வீட்டில் பால் பொங்கக் காத்திருக்கும்போதும் அப்படித்தான்.

"ஊர்ல எத்தனையோ பேர் அப்படி நிப்பாங்கக்கா."

"நிப்பாங்க" என்றாள் அக்கா. லென்ஸைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் போட்டாள். "இந்த வீட்டுக்கே போலாம்."

மறுநாள் அலுவலகத்தில் தங்கை முதல் வேலையாக அந்த வீட்டின் துடைக்காத மூலப்படத்தைத் தேடினாள். இல்லை. "பழைய குப்பையை எவன் வெச்சிருப்பான்? எல்லாத்தையும் காலி பண்ணியாச்சு" என்றார் முதலாளி. துடைத்த படம் மட்டும் இருந்தது, அதைச் சேமித்த தேதியோடு. அத்தான் காணாமல் போவதற்கு முந்தின வாரம்.

அவள் அந்தத் தேதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஞாபகமில்லை. எப்படி இருக்கும், அவள் பார்த்தால்தானே? ஆனால் பாதங்கள் மட்டும் ஞாபகத்துக்கு வந்தன. ஈரமான கல்லின் மேல் இரண்டு பாதங்கள். செருப்பில்லை.

பிம்பத்தையும் எடுத்துவிடலாம். இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். அக்காவிடம் சுத்தமான படத்தைக் காட்டி, பாரு, ஒண்ணுமே இல்லை, உன் கண்ணுதான் என்று சொல்லிவிடலாம். சுட்டியின் அம்பு நீரின் மேல் போய் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அவள் படத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தாள். அக்காவிடம் தேதியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை புறப்பட்டுப் போனார்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, செருப்பைத் திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்து அக்கா தெருமுனை வந்து சேர்வதற்குள் பஸ்ஸே போயிருக்கும். போகவில்லை.

வீடு படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அதுதான் தங்கைக்குப் பிடிக்கவில்லை. அவள் எடுத்துவிட்ட துணிக்கொடி அங்கே நிஜமாகவே இல்லை. வாசலில் படுத்திருந்த நாயைத் துடைத்திருந்தாள். அந்த நாய் இப்போது இல்லையாம், ஒரு நாள் எங்கேயோ போய்விட்டதாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்தான் சாவி கொடுக்கும்போது சொன்னாள். வாயாடி.

"படம் எடுத்தப்ப குளத்துப் படியில ஒருத்தர் நின்னாரே, அவர் யாருங்க?" என்று தங்கை பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"படியிலயா? படம் எடுத்த அன்னைக்கு நான்தானே அந்தக் கேமராக்காரத் தம்பிக்குப் பக்கத்துலயே நின்னேன்! குளத்துப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லையே."

அந்த மூன்று நாளும் அக்கா படியில்தான் இருந்தாள். நின்றாள், உட்கார்ந்தாள், காலை நீரில் விட்டுக்கொண்டாள். தங்கை பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். தண்ணீரில் அக்கா ஒருத்திதான் தெரிந்தாள். ஆனால் சில சமயம் அக்கா, பக்கத்தில் யாருக்கோ இடம் விடுகிறவள் போல, சற்று நகர்ந்து உட்காருவாள்.

"என்னக்கா பாக்கற?"

"ஒண்ணும் இல்லடி. முழுசாப் போயிட்டாருன்னு நினைச்சிருந்தேன்." காலால் நீரை அளைந்தபடி, "அப்படி இல்ல போலிருக்கு" என்றாள்.

வேண்டிய மட்டும் தூங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் தங்கையின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். ஊருக்கு வந்து இரண்டு வாரமாகியும் கடையில் ஒரு லென்ஸ் இடம் மாறவில்லை. கடைக்காரர் அந்த வீட்டின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், தன் மாமியாரை அனுப்ப.

அப்போதுதான் அந்தக் குளத்து வீட்டிலிருந்து புதுப் படங்கள் வந்தன. கதவுக்குப் புது வண்ணம் அடித்து, நேற்றுக் காலை எடுத்த படங்கள்.

"ரப்பர், படியில ஒரு தூசி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு" என்றார் முதலாளி.

தங்கை படத்தைத் திறந்தாள். படியில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். பச்சைப் புடவை, பிடரியில் அவிழ்ந்த கொண்டை, கையிடுக்கில் பை. நேற்றுக் காலை அந்தப் பச்சைப் புடவையின் மடிப்பை அவள்தான் குனிந்து சரிசெய்து, அக்காவைக் கடைக்கு அனுப்பி வைத்தாள். படியில் ஒருத்தி. கீழே தண்ணீரில் இரண்டு பேர்.

"சார், இதைத் துடைக்க வேண்டாம்."

"ஏன், உங்க சொந்தக்காரங்களா?" என்று முதலாளி சிரித்தார்.

"ஆமா சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கும் லீவு வேணும் போலிருக்கே. எந்திரி, நானே பண்ணிக்கறேன்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தங்கை பைக்குள் கை விட்டுத் தொலைபேசியை எடுத்தாள். அக்காவின் கடை எண்ணைத் தட்டினாள். கண்ணாடிக் கடைக்கு மணி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. திரையில் முதலாளி படத்தைப் பெரிதாக்கினார். காலிலிருந்து ஆரம்பித்தார். அவளிடம் கற்றுக்கொண்டதுதான். ஒரு பாதம் கல்லாகிப் போயிற்று. இன்னொரு பாதம்.

"ஹலோ" என்றார் கடைக்காரர். "உங்க அக்காவா? இங்கதான் இருக்காங்க. இல்லம்மா, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நின்னுட்டே இருந்தவங்க சட்டுனு உக்காந்துட்டாங்க. காலே இல்லாத மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

தங்கை முதலாளியின் கையை அப்படியே பிடித்துத் தள்ளினாள். சுட்டி மேசையிலிருந்து விழுந்து வயரில் தொங்கியது. அவர் ஏதோ கத்தினார், அது அவள் காதில் விழவில்லை. விசைப்பலகையில் பின்னோக்கிப் போகிற பொத்தானைத் தட்டினாள். ஒரு பாதம் வந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு பாதம்.

"அக்காகிட்ட குடுங்க. தயவுசெஞ்சு குடுங்க."

சற்று நேரம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அக்காவின் குரல், சாவகாசமாக: "என்னடி, கடைக்கெல்லாம் போன் பண்ணிக்கிட்டு?"

"கால் எப்படிக்கா இருக்கு?"

"மரத்துப்போச்சு. இப்ப வந்துடுச்சு, ஒண்ணும் இல்ல." அக்கா காலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "உங்க அத்தானுக்கும் இப்படித்தான்டி ஆச்சு, அந்த வாரம். செருப்பு போட்டிருக்கேனா இல்லையான்னே தெரியலன்னு சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் புதுச் செருப்பு அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்."

முதலாளி கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார். தங்கை சூடாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே தொங்கிய சுட்டியை எடுத்தாள். திரையில் அக்கா முழுதாக நின்றாள். அக்காவுக்குப் பக்கத்தில் கல் படி வெறுமையாக இருந்தது, சரியாக ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. அதற்கு நேர் கீழே, அவள் வேலையில் என்றோ தப்பிப்போன அந்த ஆள், நீருக்குள், தலைகீழாக. இந்த முறை அவர் முதுகைக் காட்டி நிற்கவில்லை. திரும்பியிருந்தார். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது.

அவள் அவரை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாள். நேராக நிமிர்த்தினாள். அக்காவின் பக்கத்தில், வெறும் படியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். கால் இருந்தது, தோள் இருந்தது, முட்டியைப் பிடித்த கை இருந்தது. ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்த மனிதர். அவருடைய மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாள், வரவில்லை.

"இருக்கியாடி? வெச்சுடவா?"

"வெச்சுடாதக்கா" என்றாள். "அத்தான் முகம் எப்படி இருக்கும், ஒண்ணு விடாம சொல்லு. நெத்தி, புருவம், எல்லாம்."

"எதுக்குடி இப்ப?"

"சொல்லுக்கா. இன்னைக்கு முகத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன்."