லெப்பையும் ஜுனைதாவின் பொத்தானும்

என் தங்கை ஜுனைதா கலியாண வீடுகளில் வெற்றிலை மட்டும்தான் போடுவாள். அவளுக்குச் சீனி வருத்தம்; இன்சுலின் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்க் கலியாணச் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. வீட்டில் தின்றுவிட்டு வந்து, மற்றப் பெண்கள் ஒரே சகன் தட்டைச் சுற்றி இருந்து சோற்றில் கை வைத்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்தாறில் லண்டன் மச்சான் ஷரிபுதீன் ஓர் இன்சுலின் பம்ப் கொண்டுவந்தார். சவர்க்காரக் கட்டியளவு பெட்டி. மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்கத் துளித்துளியாக மருந்து இறங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன் பொத்தானை அழுத்தினால் அதற்கும் சேர்த்து இறங்கும்.

உம்மாவுக்கு நம்பிக்கையில்லை.

"ஒரு தரம் மயங்கி விழுந்தாலும் கழட்டி வெச்சிருவன்."

மருதமுனையில் எங்கள் சொந்தக்காரப் பெண் றாஹிலாவின் கலியாணம். சோற்றுக் கிடாரத்து மூடி திறந்து வாசம் வந்ததும் ஜுனைதா பொத்தானை அழுத்தினாள். அரை மணியில் சகன் வந்தது. கணக்குச் சரி. துஆ ஓதுகிற லெப்பையைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓதி முடியாமல் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். சீனிமுகம்மது லெப்பைக்கோ அன்று புது ஒலிபெருக்கி கிடைத்திருந்தது. இரு வீட்டிலும் மௌத்தானவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி துஆ கேட்டார். இறந்துபோன என் மனைவி சுல்பிகாவின் பெயரும் வந்தது. ஆமீன் சொன்னேன்.

ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் திரைச்சீலையருகே நான் சகன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் ஜுனைதாவின் முகம் வேர்த்திருந்தது. கை நடுங்கியது.

"சீனி இறங்குது காக்கா."

"சாப்பிடு."

"ஓதுறாங்களே. மாப்புள ஊட்டாக்கள் பாக்காங்க."

அன்றைக்காவது மற்றப் பெண்களைப் போல இருக்க, குளுக்கோசை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

மணப்பெண்ணின் தாய் சல்மா உம்மா திரும்பினார். "என்னகா, இப்பிடி வேர்க்குது?"

சொன்னேன். சகனோடு வந்த இனிப்பு வட்டிலப்பத்தைக் கையால் அள்ளி ஜுனைதாவின் வாயில் திணித்தார்.

"முழுங்கு புள்ள! அல்லாஹ் பொறுப்பான். லெப்பை பொறுக்காட்டி நான் பாத்துக்குவன்."

பிறகு திரைக்கு மேலால் கத்தினார்:

"லெப்பை! மௌத்தான ஆக்கள் காத்திருப்பாங்க. இங்க உசிரோட இருக்கிற புள்ளைக்குப் பசிக்குது!"

ஒலிபெருக்கி அடங்கியது. இருமியது.

"ஆமீன்."

ஆண்கள் பக்கமிருந்து அன்றைய நாளிலேயே பெரிய ஆமீன் எழுந்தது. "அந்த மெசினுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் குடுக்கட்டும்!" என்றார் திரையருகே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மீராமுகைதீன். பசியோடு இருந்தவர்.

நான் சிரித்தேன். சுல்பிகா போன பிறகு அதுதான் முதல் தடவை; யாரோ சிரிப்பது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜுனைதாவின் நடுக்கம் நின்றது. உம்மா விரைந்து வந்தார். பம்பைக் கழட்டிவிடுவார் என்றே நினைத்தேன். சகனில் தன் மகள் ஐந்து கைகளோடு ஒரு கோழிக்காலுக்குச் சண்டை பிடிப்பதை உம்மா நின்று பார்த்தார்.

"இனி லெப்பை ஆமீன் சொன்னாப் பொறகு பொத்தான அமத்துகா."

"ஓம்மா," என்றாள் ஜுனைதா. வாய் நிறையச் சோறு. கோழிக்கால் அவள் கையில்.