மலைக்கு ஆகாத எண்ணெய்

பஸ்ஸின் டீசல் வடிகட்டியைக் கழற்றியபோது அதற்குள் எண்ணெய் இல்லை. வெண்ணெய் போல ஏதோ ஒன்று மடிப்புகளில் அப்பியிருந்தது. ஓட்டுநர் அதை விரலால் வழித்து, நடத்துநரின் செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் சூட்டில் அது உருகி மணிக்கட்டு வரை வழிந்தது.

பஸ் கணவாய்க்குச் சற்றுக் கீழே, கடைசி வளைவில் நின்றிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். இழுவை குறைகிறது என்று தெரிந்ததும் அவர் யாரையும் பதற வைக்காமல் வண்டியைக் கொஞ்சம் பின்னால் நழுவவிட்டு, பின்சக்கரம் மலைப்பக்கத்துப் பாறையில் போய் அண்டும்படி ஒடித்து நிறுத்தியிருந்தார். மறுபக்கம் தடுப்புச் சுவர் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பயணிகளில் பலர் வண்டி நின்ற பிறகுதான் விழித்தார்கள். இறங்கி எட்டிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, பாறையை ஒட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள்.

பணிமனையிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வடிகட்டியில் இருந்தது முழுக்க உருகிப் பழுப்பு எண்ணெயாகிவிட்டது. அடியில் கொஞ்சம் அழுக்கு. பொறியாளர் அழுக்கைத்தான் பார்த்தார். ஓட்டுநர் சொன்ன வெண்ணெய்க் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ரொட்டியும் கொண்டு வந்திருக்கலாமே என்றார். வண்டியைச் சரிபார்க்காமல் எடுத்தது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. விசாரணை முடியும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பஸ்ஸும் அப்படியே பணிமனை மூலையில் நிறுத்தப்பட்டது.

அந்த எண்ணெய் வந்த ஆலையில்தான் அவருடைய மனைவியின் தங்கை வேலை பார்த்தாள். உணவகங்கள் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி, பஸ்களுக்கு டீசலாக மாற்றும் ஆலை அது. மலைப்பாதை பஸ்கள் முழுக்க முழுக்க அந்த எரிபொருளில் ஓடுகின்றன என்பது ஆலைக்குப் பெரிய பெருமை. அவள் அங்கே ஆய்வகத்தில், ஒப்பந்தக்காரர் மூலமாகச் சேர்ந்தவள். வேதியியலில் பட்டம் பெற்றவள். எதைக் கேட்டாலும் வெப்பநிலையிலேயே பதில் சொல்வாள். இரண்டுக்கும் சேர்த்து டேங்கர்காரர்கள் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. உன் ஆலை எண்ணெய்தானே, வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ வேலைக்கு ஏன் உலை வைக்கிற?" என்று மாமா தடுத்தார். "எனக்குத் தெரியும் நான் என்ன பாத்தேன்னு. அது போதும்."

போதாது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஓய்வு நாளில்கூட ஐந்து மணிக்கு எழுந்து சவரம் செய்துகொள்ளும் மனிதர். இப்போது தாடி வைத்திருந்தார். விரலால் வழித்ததை மறுபடி ஒருமுறை விவரமாகச் சொல்லச் சொன்னாள். எவ்வளவு கெட்டி, என்ன நிறம், கைபட்டதும் எவ்வளவு சீக்கிரம் இளகியது. அவர் சொல்லச் சொல்ல, அவளுக்குள் ஒன்று பொருந்திக்கொண்டே வந்தது.

மறுநாள் ஆய்வக அலமாரியில், ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் எடுத்து வைக்கும் மாதிரிக் குப்பிகளில், பணிமனைக்குப் போன தொகுப்பின் குப்பியைத் தேடி எடுத்தாள். அறையின் இதமான சூட்டில் அது தேன் போலத் தெளிவாக இருந்தது. அதில் ஒரு துளியைப் பகுப்பாய்வு மெஷினில் ஏற்றினாள். எண்ணெயில் எந்தெந்தக் கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துத் திரையில் கூம்பு கூம்பாகக் காட்டும் மெஷின் அது. நீளமும் நேருமான கொழுப்புகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உறையும். நடுவில் வளைவுள்ள கொழுப்புகள் அப்படிப் படியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதும் வளைந்தவற்றின் கூம்புகள்தான் திரையில் ஓங்கி நிற்கும். அன்று நேரானவை அவற்றுக்குச் சமமாக எழுந்து நின்றன. பொரித்த எண்ணெயோடு மாட்டுக் கொழுப்பும் நிறையச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது.

குளிர்ச் சோதனைக் கருவி பழுதாகி, துணி போர்த்தி மூலையில் கிடந்தது. எப்போதோ எடுத்த பழைய அளவே, எண்ணெயோடு அனுப்பும் புதிய சான்றிதழ்களிலும் போய்க்கொண்டிருந்தது. ஆகவே அவள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு கொழுப்பும் தன் பங்குக்கு எந்தக் குளிரில் உறையத் தொடங்கும் என்பதை எடைபோட்டுக் கூட்டினால், மொத்த எண்ணெயும் எப்போது மங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழைய தொகுப்புகளை வைத்து அவள் பலமுறை செய்து பார்த்திருந்த கணக்குதான். பதினொன்று வந்தது. பஸ் நின்ற காலையில் கணவாயில் நான்கு டிகிரி.

மேலாளர் நல்லவர். அந்த மெஷினை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். திரையை வெகுநேரம் பார்த்தார். கணக்கை ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி போடச் சொன்னார். அப்போதும் பதினொன்றே வந்தது. இறைச்சிக்கூடத்துக் கொழுப்பு மலிவாகக் கிடைத்ததாம். மேலிடத்தில் வாங்கச் சொன்னார்களாம். இனிமேல் பார்த்துச் செய்யலாம் என்றார். பணிமனைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று அவள் கேட்டாள்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அத நாமளே போய்ச் சொல்லணுமா?"

விசாரணை அன்று அவள் விடுப்பு சொல்லிவிட்டுப் பணிமனைக்குப் போனாள். ஆலையிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை. சொந்தமாக வாங்கிய வெப்பமானி ஒன்றும், பழச்சாறு கடையில் கேட்டு வாங்கிய ஐஸ் ஒரு வாளியும்தான். நிறுத்திவைத்த பஸ்ஸின் டேங்கிலிருந்தே எண்ணெய் எடுத்துத் தரச் சொன்னாள். மாமாவுக்கு அவள் வரப்போவது தெரியாது. வாளியோடு நுழைந்தவளைப் பார்த்ததும் எழுந்து, தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"உறவுதாங்க. ஆனா எண்ணெய்க்கு அது தெரியாது."

மூலையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் கண்ணாடிக் குப்பியில் எண்ணெயை ஊற்றி வெப்பமானியைச் செருகினாள். ஐஸில் வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள். "பதினொன்னு கிட்ட மங்கும். ஒரு டிகிரி முன்ன பின்ன இருக்கலாம். அதுக்கப்புறம் ஓடாது." வெப்பமானியை அதிகாரியே படிக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் வாய்விட்டுப் படித்தார். இருபது, பதினெட்டு. எண்ணெய் தெளிவாகவே இருந்தது. பதினைந்து. பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினான்கு, பதின்மூன்று. பன்னிரண்டில் குப்பியின் அடியில், கண்ணாடியில் மூச்சு பட்டது போல ஒரு வெண்மை படர்ந்தது. மேசையைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். வெண்மை நூல் நூலாக மேலேறிக் குப்பி முழுவதும் நிறைந்தது. நான்கு டிகிரிவரை போகவே இல்லை. ஏழிலேயே அவள் குப்பியை எடுத்துத் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

பொறியாளர் குப்பியைக் கேட்டு வாங்கினார். விரலை விட்டு வழித்து, இரண்டு விரலிடையே தேய்த்துப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பி, "வெண்ணெயேதான்" என்றார்.

எண்ணெய் மோசமா என்று அதிகாரி கேட்டதற்கு, அவள் இல்லை என்றாள். "சமவெளில ஓட்டினா மத்ததவிட நல்லாவே எரியும். மலைக்குத்தான் ஆகாது. எதுல என்ன இருக்குன்னு பாத்து அனுப்பியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

அன்று சாயங்காலம் மாமா பணிமனை முற்றத்தில் ஒருவரையும் விடவில்லை. டயர் மாற்றுபவர், டீக்கடைக்காரர், ஷிப்டு முடிந்து இறங்கிய ஓட்டுநர்கள் எல்லோரிடமும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். பெரிதாக எதுவும் சொல்லத் தெரியவில்லை. "என் மச்சினிச்சி," என்றார் ஒவ்வொரு முறையும். அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா மெஷினை விட்டு எழுந்து தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸில் கிடந்த விரல்கள் இன்னும் சில்லென்றுதான் இருந்தன. புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

ஓட்டுநர் மீது தவறில்லை என்று உத்தரவு வந்தது. அவர் தாடியை எடுத்தார்.

ஆலையிலும் மாற்றம் வந்தது. ஒவ்வொரு தொகுப்பையும் மெஷினில் ஏற்றிக் கணக்குப் போட்டு, இது மலைக்கு, இது சமவெளிக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். அவள் போட்ட கணக்கேதான். மேலாளர் அவளை அழைத்து, நிரந்தர ஊழியர்கள் இருவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தாள். எங்கே தவறு வரும், எப்போது கணக்கை நம்பக்கூடாது என்பது உட்பட. இருவரில் இளையவன் முதல்முறை சரியாகச் சொன்னபோது அவளுக்குத் தன் நெஞ்சு நிமிர்வது தெரிந்தது. அந்த மாதக் கடைசியில், இனி வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார். காரணம் கேட்டதற்கு, ஆலையில் ஆள் போதுமாம் என்றார்.

மலைக்கு அப்பால் உள்ள நகரத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நேர்முகத் தேர்வு இருந்தது. முதல் பஸ்ஸில் போய்விடலாம், நான்தான் எடுக்கிறேன் என்றார் மாமா. பணிமனையில் குளிர் எலும்பைத் தொட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு பேர் ஏணி போட்டுப் பெரிய விளம்பரத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒரு மாடல் பெண், தேன் நிறக் குப்பியைக் கன்னத்தருகே பிடித்துச் சிரித்தாள். 'மலைக்கென்றே எங்கள் கண்டுபிடிப்பு' என்று ஆலையின் பெயரோடு எழுதியிருந்தது.

குளிரில் பசை பிடிக்கவில்லை. கீழ் மூலை சுருண்டு சுருண்டு எழும்பியது. ஏணியில் நின்றவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள்.

"இத கொஞ்சம் அழுத்திப் பிடிங்கம்மா. காயற வரைக்கும்."

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையை அந்த மூலையில் வைத்து அழுத்தினாள். உள்ளே மாமா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. தகரத்தின் அதிர்வு தாளைத் தாண்டி அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஏணிக்காரர் போதும் என்று சொல்லும்வரை அவள் கையை எடுக்கவில்லை.