கன்னம் தேய்த்த மூலை

மரச்சாமான் கடையில் வீடு மாதிரி அறைகளை ஜோடித்துக் காட்டுவதுதான் அவள் கணவனின் வேலை. சோபா எங்கே, விளக்கு எங்கே, திண்டு என்ன நிறம் என்று பார்த்துப் பார்த்து வைப்பான். சொந்த வீடும் அப்படித்தான்: வெளிர் சாம்பல் சுவர், வெள்ளைக் கதவு நிலைகள், தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வீட்டில்தான் துரை என்ற பூனை கொஞ்ச நாளாக மூலைக்கு மூலை மூத்திரம் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே துரை அவளோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வந்து தூக்கிக்கொண்டு போவாள் என்று கணவன் முடிவாகச் சொல்லிவிட்டான். கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கால்நடை மருத்துவரோ பூனைக்கு ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். மிஷின் கூடத்தில் இருந்ததால் துரை பகலெல்லாம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பூனையின் கன்னத்தில் நம் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனை சுரக்கிறது. போகிற வழியில் சுவர் மூலை, நாற்காலிக் கால் என்று கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போகும். இது நம் இடம் என்று அதற்கு ஒரு நிம்மதி. தேய்க்கத் தேய்க்க அங்கே பழுப்பாக ஒரு பிசுக்கு படியும். கணவன் சாயங்காலம் வந்ததும் சோப்புத் தண்ணீரோடு வேட்டையாடியது அந்தப் பிசுக்கைத்தான். மறுநாள் துரை மூலையை மோந்து பார்க்கும். தன் வாசனையைக் காணோம். திரும்பி நின்று, வாலைத் தூக்கி, கன்னத்தால் சொன்னதை இன்னும் உரக்கச் சொல்லும்.

துணி உருளைகளுக்குப் பின்னால் இருந்த மூலை மட்டும் காய்ந்தே கிடந்தது. அவன் துடைக்கும் துணி எட்டாத ஒரே இடம் அது. அன்று சாயங்காலம் அவன் வாளியோடு குனிந்தபோது சொன்னாள்.

"நீங்க தொடைக்கிற எடமா பாத்துதான் அடிக்குது. உருளைக்குப் பின்னாடி பாருங்க. பிசுக்கு இருக்கு, நாத்தம் இல்ல."

"அப்ப வீடு நாறுறதுக்கு நான்தான் காரணம்ங்கிற."

"ஆமா."

அவன் உருளைகளுக்குப் பின்னால் மண்டியிட்டு மோந்து பார்த்தான். ஞாயிறு வரைக்கும் பார்க்கலாம் என்றான். மூத்திரம் பட்ட இடங்களைக் கழுவிவிட்டு, கன்னம் படும் உயரத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டார்கள். பிடிக்காத சொந்தக்காரரைத் தெருவில் கண்டவன் போல அவன் மூலைகளைப் பார்த்தும் பார்க்காமல் நடந்தான். பீய்ச்சுவது குறைந்து, நின்றுபோனது.

ஞாயிறன்று அக்கா கூடையோடு வந்தாள். தம்பிக்கே துடைக்கக் கற்றுக்கொடுத்தவள். உட்காரும் முன்பே கதவு நிலையின் கறை கண்ணில் பட்டது. கைக்குட்டையை நனைத்துக்கொண்டு குனிந்தாள். மிஷின் ஓட்டம் நின்றது.

"அத விடுக்கா," என்றான் அவன்.

"அழுக்குடா."

"தெரியும். இருக்கட்டும்."

காய்ச்சலா என்று அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை. அவனே போய் கூடையைக் காலியாக அவள் வண்டியில் வைத்துவிட்டு வந்தான். அக்கா கிளம்பிய பிறகு ஒரு பூந்தொட்டியை நகர்த்திக் கறையை மறைத்தான். துரை வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. அவன் தொட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தான்.