தவளைகளின் சம்மதம்

என் கணவருக்கு வீட்டில் ஒரு மனைவி, ஆபீஸில் நூற்றுச் சொச்சம் மனைவிகள். எல்லாம் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத தவளைகள். வெயில் வருடா வருடம் ஏறி, அவை வாழ்ந்த மலையோடை சூடாகிவிட்டது. அங்கேயே விட்டால் பூண்டோடு போய்விடும் என்று ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறைக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். இனி இன்னும் உயரத்தில் இருக்கிற ஓர் ஏரிக்கரையில் குடியேற்றப் போகிறார்கள். வளர்த்த புண்ணியவான் இவர்தான்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். தவளைக்குப் போய்ப் பொறாமைப்படுகிறாள் என்று என் நாத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழே, அடுப்பாகக் கொதிக்கிற அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் துணி தைப்பவள் நான். வேறு வீடு போகலாம் என்று வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். தவளைத் தொட்டியில் அரை டிகிரி ஏறிவிட்டதாக போன் வந்தால் மட்டும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்.

புது இடத்தில் அவை நிலைகொள்ளும்வரை கூடவே தங்க ஓர் ஆள் வேண்டுமாம். ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். நான் போகிறேன் என்று இவராகவே சொல்லிவிட்டு வந்து, பல் தேய்த்துக்கொண்டே என்னிடம் விஷயத்தைச் சொன்னார். "உனக்கு இங்க தையல் வேலை இருக்கு. நீ இங்கயே இரு." அவ்வளவுதான். என்னையும் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கம்பளித் துணி வாங்கி எனக்கு ஒரு கோட்டுகூடத் தைத்து வைத்தேன்.

கிளம்பும் நாளன்று வழியனுப்பும் சாக்கில் நிலையத்துக்குப் போனேன். குளிர் அறையில் இவர் ஈரப்பாசி பரப்பிய டப்பாக்களில் தவளைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, உங்க சக்களத்திங்கள பாத்துட்டுப் போங்க" என்றார் இவருடைய மேலதிகாரியான டாக்டரம்மா. வீட்டில் நான் திட்டுகிற வார்த்தையை இங்கே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார் மனுஷர்.

நடுவில் தடுப்பு வைத்த தட்டுகள் வரிசையாக இருந்தன. என்ன இது என்றேன். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சம்மதம் கேக்குற தட்டு. இந்தப் பக்கம் பழைய ஓடைத் தண்ணி, அந்தப் பக்கம் புது ஏரித் தண்ணி. தவளைய நடுவுல விடுவோம், அதுவா எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்போம். முதல்ல ஒண்ணுகூட ஏரிப் பக்கம் போகல. விட்டுட முடியுமா? கொஞ்சம் கொஞ்சமா தண்ணியக் கலந்து பழக்கி, தினமும் கேட்டோம்."

எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை குளிரிலும் எரிந்தது.

"என்னைக் கேட்டீங்களா?"

டாக்டரம்மா ஒரு டப்பாவின் மூடியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீ வரமாட்டேன்னு சொல்லுவ" என்றார் இவர்.

"தவளையும்தான் மாட்டேன்னு சொல்லிச்சு."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, இப்பக் கேக்குறேன். வர்றியா?"

இதற்காகத்தான் அத்தனை நாள் ஏங்கினேன். ஆனால் வாய்விட்டுக் கேட்டு வாங்கியதற்கு உடனே தலையாட்ட ரோஷம் விடவில்லை. கொஞ்சம் பிகு பண்ணுவோம், இன்னொரு தரம் கேட்பார், அப்போது சரி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"வரல" என்றேன்.

"சரி" என்றார். இரண்டு கையிலும் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியவர், நின்று திரும்பினார். இன்னொரு தரம் கேட்கப்போகிறார் என்று நானும் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"கதவச் சாத்திடு" என்றார். "மிச்ச தவளைங்க உள்ள இருக்கு, சூடாயிடும்."