மெதுவாக நடப்பவளுக்கே கிரீடம்

மலைக்குள் ஒரு ராஜ்யம் இருப்பதும், அதன் ராணி போன வாரம் காலமானதும், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மந்திரி தருமன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாரிசு இரண்டே பேராம்: என் அக்கா அருணாதேவி, அப்புறம் அபிநயாவாகிய நான். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் எங்கள் அப்பா, "உள்ள தண்ணி வசதி எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார்.

நிறைமாத கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல மெதுவாகக் கிரிவலம் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? மலைக்குள் இருப்பவர்கள் அதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. கடைசியில் வந்து சேர்பவளுக்கே கிரீடம்.

"தோத்தவங்களுக்கு ராணி யாருன்னே மறந்துடும்," என்றார் மந்திரி. "சொந்தக்காரங்க சிபாரிசுக்கு வந்து நிக்கக் கூடாது பாருங்க."

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் அக்கா, என்னை முறைத்தபடி. எனக்கும் அப்படித்தான் பட்டது. பதினேழு வருஷமாக அக்காவின் பழைய துணியையே போட்டு வளர்ந்தவளுக்குத்தான் என் ஆத்திரம் புரியும்.

ராஜகோபுரத்தில் கிளம்பி அக்னி லிங்கம் போய்ச் சேரவே அரை நாள் ஆனது. எறும்புகள் எங்களை ஓவர்டேக் செய்தன. நடுவில், சுண்டல் விற்பவராக வேஷம் போட்ட மலை ராஜ்யத்துச் சேனாதிபதி என் காதருகே வந்தார்.

"உங்க அக்கா பின்னாடி நாயை விரட்டி விட்டா ஓடிடுவாங்க. விடட்டுமா?"

"ஜாஸ்தி கடிக்காத நாயா விடுங்க," என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த நாயோ அக்காவிடம் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு என்னைப் பார்த்துக் குரைத்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஈசானிய லிங்கம் தாண்டி டவுனுக்குள் வந்தோம். அக்கா எனக்கு இரண்டடி பின்னால் வந்தாள். அவள் முகத்தில் அப்போதே ராணிக் களை வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

அப்போது கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த பஸ்ஸைக் கண்டால் கால் தரையில் நிற்காது. அக்கா மகாராணி நடையை மறந்து, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துப்பட்டாவையும் பக்கத்து சீட்டில் பையையும் போட்டாள்.

"அபி, சீக்கிரம் வாடி! ரெண்டு சீட்டு..." பேச்சு பாதியில் நின்றது.

"மகாராணி வாழ்க!" என்று, எங்கள் பின்னாலேயே வந்த மந்திரி என் காலில் விழுந்தார். அவரைத் தாண்டிக் குதித்து பஸ்ஸில் ஏறினேன். ஒரே நெரிசல். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டைக் கையால் மறித்தபடி எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரப் போனேன். என்னையும் தடுத்தாள்.

"இங்க ஆள் வராங்க."

"யாரு வராங்க?"

சீட்டில் கிடந்த பையைப் பார்த்தாள். "தெரிலங்க. ஆனா வருவாங்க."

கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அந்த சீட்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன்.