கணவாயில் மாட்டிய நாள்

ஏப்ரல் பிறந்து மூன்று வாரமாகியும் நார்வேயின் வடகோடியில் எங்கள் பின்மார்க் கரையில் பனி விட்டபாடில்லை. கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற சோல்விக்கு அக்டோபரிலிருந்து சேர்ந்தாற்போல் நான்கு நாள் ஓய்வு கிடைத்ததில்லை.

அன்று காலை, பனிப்புயலால் மூடிக் கிடந்த சாலைத் தடுப்பருகே ஒரே ஒரு கார் நின்றது. உள்ளே எய்லிஃப், வயதான மீனவர். அவர் மனைவி குன்வோர், கணவாய்க்கு அப்பால் தான் பிறந்த ஊரில் புதைக்கச் சொல்லிவிட்டு இறந்திருந்தாள். சவப்பெட்டி புயலுக்கு முன்பே போய்விட்டது. பகல் ஒரு மணிக்கு அடக்கம்.

"தொறப்பியா மாட்டியாம்மா?"

"காத்து அடிக்கிற அடியப் பாத்தீங்கல்ல? என் வண்டியே ஆடுது."

"நாப்பது வருசம் கடலுக்குப் போனவன்கிட்ட காத்தப் பத்திச் சொல்றியாக்கும்."

"உங்க கடல்ல பாறைச் செவுரு கெடையாது பெரியவரே. பேசாம உக்காருங்க."

பத்து மணிக்குக் காற்று சற்றுத் தணிந்தது. மேலிடத்தில் அனுமதியும் கிடைத்தது. அவள் முன்னே போக, அவர் பின்தொடர்ந்தார். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தால் கார் விளக்கு இல்லை. வெறும் வெள்ளை. வண்டியை நிறுத்தி, அதிலிருந்து இடுப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டு, பனியில் வழி தெரிய நட்டிருந்த சாலையோரக் கழிகளைத் தடவியபடி பின்னால் நடந்தாள். கார் பனிமேட்டில் மூக்கு புதைந்து கிடந்தது. அவரை இழுத்து வந்து தன் வண்டியில் ஏற்றினாள்.

அதற்குமேல் முன்னேயும் போக முடியவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிளாஸ்கிலிருந்த காப்பியைப் பகிர்ந்தாள். அவர் பையிலிருந்து கருவாடு எடுத்துக் கொடுத்தார். கடிகாரம் ஒன்றைத் தாண்டியது.

பிறகு அவரே சொன்னார்: "அவளுக்கு இந்தக் காத்தே ஆகாது. தெக்க போயிரலாம்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொன்னா. நான்தான் அடுத்த வருசம், அடுத்த வருசம்னு..."

"எங்க வீட்டுலயும் அதே பேச்சுதான். ஆனா சாக்கு சொல்றது நான்," என்றாள் சோல்வி.

காற்று மறுபடி தணிந்ததும் கிளம்பி, நான்கு மணிக்குத் தேவாலயம் சேர்ந்தார்கள். குழி வெட்டுபவர் மட்டும் வாசலில் நின்றார்.

"பாதிரியார் வர்ற படகு இன்னும் கெளம்பலயாம். எதுவா இருந்தாலும் நாளைக்குத்தான்."

எய்லிஃப் படியில் உட்கார்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார். பின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மனைவியிடம் உள்ளே போனார்.

சோல்வியின் வயர்லெஸ் கரகரத்தது. இந்தப் பக்கத் தடுப்பில் பதினொரு கார்கள் காத்திருந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.